எசமான் மறக்காத முகம்

ஒரு தடவை பார்த்த முகத்தை ஏழு பிறவிக்கும் மறக்கமாட்டேன் என்று மார்தட்டுகிறவர் ஜமீன்தார் வீரபூபதி. அன்று சந்தைக் கூட்டத்தில் ஒருவனைப் பார்த்ததும் கத்தினார்.

"காலையில பல்லக்குத் திரையை விலக்கிப் பார்த்தேன். அம்மன் கோயில் வெள்ளிக் குடத்தோட ஓடினவன் இவன்தான்! வெட்டுங்கடா கையை!"

பிடிபட்டவன் பேச்சிமுத்து. அவன் யாரென்று ஊருக்கே தெரியும். எசமானிடம் சொல்லத்தான் ஒருவனுக்கும் நா எழவில்லை. கையைக் கட்டைமேல் வைத்து அழுத்தினார்கள். அரிவாள் உயர்ந்தது.

"வெட்டுறதுக்கு முன்னால எசமான் கண்ணை ஒரு தடவை சோதிச்சுக்கலாமே சாமி! காலையில உங்க பல்லக்கைத் தூக்கின நாலு பேரும் இங்கதான் இருக்காங்க. அவங்களைக் காட்டுங்க," என்று கத்தினான் பேச்சிமுத்து.

"இதெல்லாம் ஒரு சோதனையாடா?"

ஜமீன்தார் சிரித்துக்கொண்டே நாலு பேரைக் காட்டினார். ஒருவன் வளையல்காரன், ஒருவன் நாவிதன், மற்ற இருவரும் மாடு வாங்க வந்த வெளியூர்க்காரர்கள்.

"உங்க பல்லக்கோட முன்கம்புல வலது தோள் கொடுத்தவன் நான்தான் சாமி," என்றான் பேச்சிமுத்து. "அந்தத் திருடனை நானும் பார்த்தேன். உங்களைச் சுமந்துக்கிட்டு இருந்ததாலதான் துரத்த முடியல."