வாளிக்கு ஒரே வேலை

முன்னொரு காலத்தில், சண்டையும் இல்லாமல் பொழுதும் போகாமல் ஒரு ராஜா தவித்துக்கொண்டிருந்த நாட்டில் நடந்த கதை இது. ராஜாவின் பெயர் கனகவர்மன். நல்ல மனிதர்தான். ஆனால் வாரத்துக்கு ஒரு யோசனை அவர் தலையில் முளைக்கும். முளைத்த அன்றே அது சட்டமாகிவிடும். ஒரு வாரம் அரண்மனைப் பூனைகளுக்கெல்லாம் கொலுசு போடச் சொன்னார். அடுத்த வாரம் எல்லோரும் பின்பக்கமாக நடந்தே சபைக்கு வரவேண்டும் என்றார். தளபதி தூணில் மோதி, பாவம், பின்மண்டையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம்.

அந்த அரண்மனையில் சொக்கநம்பி என்று ஒரு விகடகவி. விகடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிற ஆளா அவன்? சமையற்கட்டில் உப்புப் பார்ப்பான், ராணியின் கிளிக்குப் பேச்சுக் கற்றுக்கொடுப்பான், வழக்கு வந்தால் ராஜாவின் காதில் ஒரு வார்த்தை போடுவான். ராஜாவும் எதற்கெடுத்தாலும் "நம்பி எங்கே?" என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் அரண்மனை அதிகாரி பெருந்தேவருக்கு வயிறு பற்றி எரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் சபையில் எழுந்து கைகட்டி நின்றார்.

"மகாராஜா! நமது அரண்மனையில் ஒழுங்கு குலைந்துவிட்டது. ஒரு பொருளைப் பத்து வேலைக்கு இழுக்கிறார்கள். ஒரே ஆள் பத்து காரியத்தில் தலையிடுகிறான். ஒன்றுக்கு ஒரே வேலை என்று தாங்கள் ஆணையிட்டால் இந்த நாடு எங்கேயோ போய்விடும்!"

ராஜா சிம்மாசனத்தைவிட்டுத் துள்ளி எழுந்தார். "அற்புதம்! இன்றே சட்டம்! ஆளானாலும் பொருளானாலும் அதனதன் வேலையை ஓலையில் எழுதிக் கட்டுங்கள். அதைத் தாண்டி யார் எது செய்தாலும், அன்று பொழுது சாய்வதற்குள் நாட்டைவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். நான் உட்பட!"

பெருந்தேவர் விடியும்வரை காத்திருக்கவில்லை. ஓலைகளை முன்பே எழுதி வைத்திருந்தார். ராஜாவுக்கு 'ஆணையிட' என்று பட்டுநூல் கட்டிய ஓலை. தனக்கு 'மேற்பார்வை பார்க்க'. சொக்கநம்பிக்கு 'கிணற்றில் நீர் இறைக்க'. கூடவே ஒரு பித்தளை வாளியையும் அவன் கையில் திணித்தார். அதன் பிடியில் தொங்கிய ஓலையிலும் அதே எழுத்து.

"இனி வாயைத் திறந்து ஒரு விகடம் சொன்னீரானால், எல்லை வரை வழியனுப்ப நானே வருவேன்" என்று காதோரம் சொல்லிச் சிரித்தார்.

சொக்கநம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் மனைவி செண்பகத்துக்கு எட்டாம் மாதம். எல்லைக்கோ நான்கு நாள் நடை. அவனுக்கு வாயைக் கட்டுவது மூச்சைக் கட்டுவது மாதிரி. பயந்துதான் போனான்.

கிணற்றடிக்குப் போய் நின்றால், அரண்மனையே அந்த வாளியைத் தேடி ஓடி வந்தது! மற்ற வாளிகளிலும் அதே ஓலையைத்தான் கட்டியிருந்தார்கள்; நம்பியாவது இரங்குவான் என்று வந்தார்கள்.

"நம்பி, குதிரைக்குக் கொள்ளு ஊறப்போடணும், வாளியைக் குடுப்பா" என்றான் லாயக்காரன்.

"ராணியம்மா சேலையை எதுல அலசுறது?" என்றாள் வண்ணாத்தி.

"தோட்டம் காயுது!"

"மடப்பள்ளிக் கூரை ஒழுகுது, அடியில வைக்க ஒண்ணு வேணும்!"

மாவாட்டுகிற பொன்னுத்தாயி மட்டும் வேறு கணக்கில் வந்தாள். "எனக்குத் தண்ணியும் வேணாம், ஒண்ணும் வேணாம். கவுத்துப் போட்டுத்தான் நான் உக்காந்து ஆட்டுவேன். முட்டி வலிக்குது, குடு சாமி."

சொக்கநம்பி ஒவ்வொருவருக்கும் ஓலையைக் காட்டினான். அத்தனை பேரும் பெருந்தேவரைத் திட்டிக்கொண்டே போனார்கள். ஓர் ஏழை வாளி இத்தனை பேருடைய பிழைப்பைத் தாங்கிக்கொண்டிருந்ததா என்று அவன் வியந்து போனான். வியந்தபடியே நின்றவனுடைய முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. நாளை சனிக்கிழமை அல்லவா!

மறுநாள் காலை ராஜாவுக்கு எண்ணெய்க் குளியல். தலைமுதல் கால்வரை நல்லெண்ணெய் பூசி, அண்டாவில் மிச்சமிருந்த பழைய நீரைத் தலையில் விட்டு, சீயக்காயைக் குழைத்து அப்பியாகிவிட்டது. நுரை வழிந்து கண்ணுக்குள் இறங்கிய நேரத்தில் அண்டா காலி!

"தண்ணீர்! தண்ணீர் கொண்டு வாருங்கள்!"

யாரும் வரவில்லை. தலை தேய்க்கிறவனுடைய ஓலையில் 'தலை தேய்க்க' என்று இருந்ததால் அவன் விடாமல் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"ஐயோ, கண்ணு! நம்பி! எங்கேடா நம்பி?"

"கிணற்றடியில் இருக்கிறேன், மகாராஜா. வாளி நிறைய நீர் இறைத்து வைத்திருக்கிறேன்."

"கொண்டு வாயேன்!"

"தூக்கி வருவது என் ஓலையிலும் இல்லை, வாளியின் ஓலையிலும் இல்லை, மகாராஜா. மீறினால் நாடு கடத்தல்."

ராஜா பொறுத்துப் பார்த்தார், முடியவில்லை. இடுப்பில் ஈரத்துண்டும் தலையில் நுரைக்கோபுரமுமாகக் கண்ணை இறுக மூடிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடி வந்தார். கையைப் பிடித்து அழைத்துவர யாருக்கும் ஓலை இல்லை. துளசி மாடத்தில் ஒரு முட்டு, மாமரத்தில் ஒரு முட்டு. அரண்மனையே மேல்மாடத்தில் ஏறி நின்று வேடிக்கை பார்த்தது. சொக்கநம்பி எந்த நிமிடம் விகடம் பேசுவான் என்று காத்திருந்த பெருந்தேவரும் கிணற்றடியில்தான் இருந்தார்.

"ஊற்றுடா!"

"இறைக்க மட்டுந்தான் உத்தரவு, மகாராஜா."

"நானே அள்ளி ஊற்றிக்கொள்கிறேன்!"

"தங்கள் ஓலையில் 'ஆணையிட' என்றுதான் இருக்கிறது. தங்களை நாங்கள் எங்கே கொண்டுபோய் விடுவது?" சொக்கநம்பி முகத்தில் ஒரு சுருக்கமில்லை. விகடம் சொன்னான் என்று ஒருவரும் சொல்ல முடியாது.

ராஜா தரையில் காலை உதைத்துக் கத்தினார். "பெருந்தேவா! என் கண் போனால் உன் தலை போகும்! ஏதாவது செய்!"

பெருந்தேவர் பாய்ந்து வாளியைப் பிடுங்கினார். அப்படியே தூக்கி ராஜாவின் தலையில் கவிழ்த்தார். 'சொளக்'கென்று ஒரு சத்தம். கூட்டமே "ஆ!" என்றது.

ராஜா மெதுவாகக் கண்ணைத் திறந்தார். எதிரே வெறும் வாளியுடன் பெருந்தேவர். அவருடைய மூக்குக்கு நேரே வாளியின் ஓலை ஆடிக்கொண்டிருந்தது. நெஞ்சில் 'மேற்பார்வை பார்க்க'. தான் செய்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முகம் வெளிறிப்போயிற்று.

"நம்பி, இவர் எப்போது கிளம்ப வேண்டும்?" என்றார் ராஜா.

சொக்கநம்பி ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், தொல்லை ஒழிந்திருக்கும். ஆனால் நான்கு நாள் நடையை நேற்றிரவு முழுக்க எண்ணிப் பார்த்தவன் அவன். யாருக்கும் அது வேண்டாம் என்று மனம் சொல்லிவிட்டது.

"மகாராஜா, நேற்றிலிருந்து இந்த அரண்மனையில் வாளியைச் சரியாகப் பயன்படுத்திய ஒரே மனிதர் இவர்தான். அவரைப் போய் அனுப்பலாமா?"

ராஜாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. துண்டைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஆணையிடத்தானே எனக்கு ஓலை? ஆணையிடுகிறேன்! எல்லா ஓலைகளையும் அவிழ்த்து அடுப்பில் போட்டு எனக்கு வெந்நீர் வையுங்கள்!" என்றார். பரிசளிக்கக் கழுத்தைத் தடவினால் மாலை இல்லை; விரலைத் தடவினால் மோதிரம் இல்லை. அதற்கும் ஒருமுறை சிரித்தார்.

மாலையில் அந்தப் பித்தளை வாளி நிறைய முத்துக்கள் சொக்கநம்பி வீட்டு வாசலில் வந்து இறங்கின. எதற்கும் இருக்கட்டும் என்று மூட்டை முடிச்சுகளோடு உட்கார்ந்திருந்த செண்பகம் வாளியையும் பார்த்தாள், கணவனையும் பார்த்தாள்.

"அப்போ, நாம போக வேண்டாமா?"

"வேண்டாம். இங்கேதான் பிறக்கும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து வந்து முத்துக்களை முறத்தில் கொட்டினாள். வாளியை ஒரு தட்டு தட்டிப் பார்த்தாள்.

"நல்லா கனமாத்தான் இருக்கு. பிள்ளையைக் குளிப்பாட்ட ஆகும்" என்று சொல்லி, அதை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள்.