எல்லாத் தலையும் மொட்டை

தைப்பூசத்துக்கு முந்தின நாள் காலை, மலையடிவார மடத்தில் வைரவன் காகிதங்களுக்கு நடுவே உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். தபால் ஆபீசில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்தே ஓய்வுபெற்ற மனிதர். மடத்துக்குச் சீடராக வந்தவரிடம், அவரைவிட வயதில் இளையவரான மடத்துத் தலைவர் தணிகை அடிகள், மடத்துப் பாடல்களுக்குச் சொல்லடைவு போடச் சொல்லியிருந்தார். எந்தச் சொல் எந்தப் பாட்டில் வருகிறது என்று காட்டும் வேலை.

"சாமி, 'அருள்' வராத பாட்டே இல்லை. அந்த ஒரு சொல்லே பக்கம் பக்கமாக ஓடுகிறது."

"எடுத்துவிடுங்கள்."

வைரவனுக்குச் சுருக்கென்றது. "அருளையா? இந்த மடமே அதை நம்பித்தானே இருக்கிறது?"

அடிகள் பதில் சொல்வதற்குள் ஒரு பெண் அலறிக்கொண்டு ஓடிவந்தாள். "சாமி, எம்பையனக் காணோமுங்க! பக்கத்துலயேதானுங்க நின்னான்!"

மடத்து மைக் வைரவன் பொறுப்பு. "எப்படி இருப்பான்? சொல்லும்மா."

"நாலு வயசுங்க. மொட்டை போட்டு சந்தனம் பூசியிருக்கேன். மஞ்சத் துண்டு. பேரு வேலுங்க."

வைரவன் ஒரு எழுத்து விடாமல் அறிவித்தார். அவ்வளவுதான், மடத்து வாசல் மொட்டைகளால் நிறைந்துவிட்டது. பாதி வேலு, மீதி முருகன். தொலையாத பிள்ளைகளையும் அக்கறையாகத் தூக்கிவந்திருந்தார்கள். பின்னாலேயே பெற்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

அந்தப் பெண் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பார்த்து முடித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "குளத்துப் பக்கம் போயிட்டானோ என்னமோ..."

குளம் நிரம்பிக் கிடந்தது. வைரவன் மறுபடி மைக்கைப் பிடித்து, "மொட்டைத் தலை! சந்தனம்! மஞ்சள் துண்டு!" என்று இன்னும் உரக்கக் கத்தினார். மேலும் மொட்டைகள் வந்தன.

அடிகள் அந்தப் பெண்ணின் அருகே போய் உட்கார்ந்தார். "காலையிலிருந்து எதற்காவது அடம் பிடித்தானா தாயே?"

"புதுச் செருப்புங்க சாமி. வெளிய விடுடான்னா கேக்கல. மாரோட கட்டிப் புடிச்சுக்கிட்டே வந்தான். அதுக்குத்தானுங்க ஒரு அடி வெச்சேன்."

அடிகள் எழுந்து மைக்கை வாங்கினார். "செருப்பை மாரோடு அணைத்துக்கொண்டு ஒரு குழந்தை நிற்கிறதா, பாருங்கள்."

அன்னதானப் பந்தலிலிருந்து ஒரு குரல் வந்தது. "இங்க இருக்கானுங்க!"

பிள்ளையைத் தூக்கிவந்து கொடுத்தார்கள். செருப்பு அப்போதும் அவன் கையில்தான் இருந்தது. தாய் அவனை வாரி மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். வைரவனும் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு காகிதங்களிடம் வந்து, 'அருள்' இருந்த பக்கங்களை உருவி எடுத்தார். எடுத்தவருக்குக் கீழே வைக்க மனம் வரவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"சாமி, அப்படியானால் இந்தச் சொல்லில் ஒன்றுமே இல்லையா?"

அடிகள் வாசலில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்த தாயைப் பார்த்தார்.

"தேடும்போது உதவாத அந்த மொட்டையைத்தான், கிடைத்ததிலிருந்து தடவிக்கொண்டிருக்கிறாள்."