ஒன்பது எர்த் வயர்

"ஒரு தலைவலிக்கு ஊரெல்லாம் வைத்தியம் கேட்டா..." என்று மாமா ஏதோ சொல்வார். பின்பாதி ஞானதிரவியத்துக்கு நினைவில்லை. நின்று யோசிக்க நேரமும் இல்லை.

மணி மூன்றே முக்கால். நாலு மணிக்கு மச்சான் செபஸ்தி, தான் வேலை பார்க்கும் கப்பலிலிருந்து மோர்ஸ் தட்டல் குறியில் ஒரே ஒரு வார்த்தை அனுப்புவான். "அதை உம்ம பெட்டியில கேட்டுச் சொல்லும், என் மீசையை எடுத்துடுறேன்" என்று சவால். நாளைக்குக் கப்பல் எட்டாத தூரம் போய்விடும்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர், எட்டு மாதமாகத் தன் கையால் கட்டிய ரிசீவர். அதில் இப்போது "ங்ங்ங்" என்ற ஹம் இரைச்சலைத் தவிர ஒன்றுமில்லை.

அவருக்கு ரேடியோ சொல்லிக்கொடுக்கும் பரீதா டீச்சர் வந்தார். அவரைவிட இருபத்தைந்து வயது சின்னவர். ஹெட்போனை மாட்டினார், கழற்றினார், பெட்டியைத் திறந்தார்.

"எர்த் வயர் எத்தனை அண்ணாச்சி?"

"ஒன்பது."

"எதுக்கு?"

"எர்த் போட்டா ஹம் போகும்னாங்க. போகலை. இன்னொண்ணு போட்டேன்."

"இத்தனை கயிறு போட்டுக் கட்ட இதென்ன, முட்டுற மாடா?"

டீச்சர் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு கட்டரை நீட்டினார். "ப்ளக்குல இருந்து வர்ற எர்த் உயிருக்கு. அதைத் தொடாதீங்க. மத்ததை வெட்டுங்க. எர்த் பல வழியாப் போனா அதுவே ஹம்மாத் திரும்பி வரும்."

கூட்டாளி சொன்னது, டக். வீடியோவில் பார்த்தது, டக். கடைக்காரர் சத்தியம் பண்ணிச் சொன்னது, டக். ஏழு வயர் விழுந்தது.

ப்ளக்கை மாட்டினார்கள். ஹம் கொசு அளவுக்கு இறங்கியிருந்தது. அதற்கு அடியில், எங்கோ, யாரோ தட்டும் சத்தம்.

"டீச்சர், ஆள் நடமாட்டம் கேக்குது. நிசமாக் கேக்குது."

மணி மூன்று ஐம்பத்தேழு.

"இன்னும் ஒண்ணு கிடக்கே?"

"அது... நீங்க போடச் சொன்னது. போன மாசம்."

"அப்ப பாட்டரியில ஓடுச்சு. அப்பச் சரி. இப்பத்தான் ப்ளக்குலயே எர்த் வருதே."

"சொல்லிக்கொடுத்தவங்க சொன்னதை எப்படிம்மா வெட்ட?"

டீச்சர் ஹெட்போனை அவர் முன்னால் வைத்தார்.

"நாலு மணிக்கு யாரைக் கேக்கப் போறீங்க அண்ணாச்சி? என்னையா, மச்சானையா?"

ஞானதிரவியம் ப்ளக்கைப் பிடுங்கி, அந்த வயரையும் வெட்டினார்.