இருபது தடவை தாங்கும் அடுப்பு

"இதுவும் போச்சும்மா" என்றார் மிக்கேல் சார்.

ஆட்டோவிலிருந்து கிரில் அடுப்பை இறக்கிப் பட்டறை வாசலில் வைத்தார். மேலே போட்டிருந்த பிளாஸ்டிக் உறை மட்டும் புதிதாகவே இருந்தது.

சவரியம்மாள் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தாள்.

தூத்துக்குடியில், கடல் காற்று நேராக வந்து அடிக்கிற ஒரு தெருவில் அவளுடைய பட்டறை. எண்ணெய் டிரம்மை அறுத்தும், தகடு வெட்டியும் கிரில் அடுப்பு செய்வாள். கேட்டவுடன் கொடுத்துவிட மாட்டாள். முதலில் கேள்வி கேட்பாள். பதில் சரியில்லை என்றால் அடுப்பு கிடையாது. பாதிப் பேர் திட்டிக்கொண்டே போய்விடுவார்கள். மீதிப் பேர் அவளை வாத்தியார் என்பார்கள்.

மிக்கேல் சார் நிஜ வாத்தியார். முப்பத்து நாலு வருடம் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவர். சவரியம்மாளைப் பெயிலாக்கியவரும் அவர்தான்.

"இது எத்தனாவது சார்?"

"மூணாவது. முதல்ல ஆன்லைன்ல வாங்குனது, மடக்குற மாதிரி. அது தகரம். ரெண்டாவது மூடி போட்டது, கறுப்புப் பெயிண்ட். உரிஞ்சு போச்சு. இது ஸ்டெயின்லெஸ். பத்து வருஷம் வாரண்டி."

"அடுப்புக்கா, உங்களுக்கா?"

அவர் ஆட்டோக்காரருக்குக் காசு கொடுத்து அனுப்பினார்.

"நீயே ஒண்ணு செஞ்சு குடு. கைக்கு எட்டுற விலையில வேணும். ஆனா காலத்துக்கும் உழைக்கணும்."

"என்ன அவசரம்?"

"டெரன்ஸ் வாரான். இருபதாம் தேதி. அவனுக்குக் கத்தார்ல இப்படிச் சுட்டுத் தின்னு பழகிட்டு. போன்ல கேட்டான், 'அப்பா, அந்த கிரில் இருக்கா? இருந்தா ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வாரோம். இல்லன்னா மாமனார் வீட்லயே தங்கிட்டு அப்படியே கிளம்பிருதோம்'னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இருக்குன்னு சொல்லிட்டேன்."

சவரியம்மாள் உறையை உருவினாள். அடுப்பின் அடியில் ஆட்காட்டி விரலை வைத்து அழுத்தினாள். விரல் மறுபக்கம் வந்தது.

விரலை எடுக்காமலே கேட்டாள்.

"இரும்பு துருப்பிடிக்க என்னென்ன வேணும் சார்?"

"காற்று. ஈரம்."

"ரெண்டு மார்க் கேள்வி. ஒரு மார்க்தான் தருவேன்."

"வேற என்ன வேணும்?"

அவள் அடுப்பைக் கவிழ்த்தாள். சாம்பல் கொட்டவில்லை. புட்டு மாதிரி ஒரே கட்டியாக விழுந்தது. நடுவில் பாதி கருகிய சோளக் கதிர் ஒன்று இருந்தது.

"இது யாரு வச்சது?"

"பேத்தி. வேகுறதுக்குள்ள கார் வந்துட்டு. திருவனந்தபுரத்துல பிளைட்டு. அவசரத்துல டெரன்ஸ் ஒரு வாளி தண்ணிய எடுத்துத் தீ மேல ஊத்திட்டான்."

"சாம்பல அன்னைக்கே அள்ளியிருக்கலாமே."

"விளக்கு வச்ச பெறகு சாம்பல வெளிய கொட்டக் கூடாதுன்னு என் வீட்டுக்காரி ஸ்டெல்லா சொல்லுவா. அவ இருந்தவரைக்கும் எங்க வீட்ல அதான் வழக்கம். அவ போய் நாலு வருஷம் ஆச்சு. மீற மனசு வரல."

"மறுநாள்?"

"மறுநாள் அடுப்பு கெடந்த மாடிக்கு ஏறல."

"அதுக்கு மறுநாள்?"

மிக்கேல் சார் சோளக் கதிரைக் காலால் ஓரமாக நகர்த்தினார்.

"ஒரு வாரம் கழிச்சு ஏறி, உறையப் போட்டு மூடிட்டேன். மழை படக் கூடாதுல்ல."

"ஈரத்த உள்ள வச்சு மூடிட்டீங்க."

"ம்."

"அறிவியல் வாத்தியாரு."

அந்த நேரத்தில் தள்ளுவண்டியோடு இசக்கி வந்து நின்றான். பஸ் ஸ்டாண்டு பக்கம் கோழி சுட்டு விற்பவன். வண்டியில் டிரம்மைப் பாதியாக அறுத்துச் செய்த அடுப்பு, ஒரு கால் ஒடிந்து சாய்ந்திருந்தது. அடுப்பு முழுக்க எண்ணெய்க் கறுப்பு. தொட்டால் கை வழுக்கும்.

"வாத்தியாரே, கால் போச்சு. பத்து நிமிஷத்துல ஒட்டிக் குடுங்க. கோழி ஊறிக்கிட்டுக் கெடக்கு."

சவரியம்மாள் அந்த அடுப்பை மிக்கேல் சாரின் அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"இது எத்தன வருஷம் இசக்கி?"

"ஒம்பது."

"மழைக்கு என்ன செய்வ?"

"நான் நனைவேன். அதுவும் நனையும்."

"உறை?"

"எதுக்கு? அதுக்குக் குளிருமா?"

அவன் மிக்கேல் சாரின் அடுப்பைச் சுற்றி வந்து பார்த்தான். ஓட்டை வழியாகத் தரை தெரிந்தது.

"நல்ல அடுப்பு சார். ஸ்டெயின்லெஸ்ஸா? எத்தன கோழி சுட்டீங்க இதுல?"

"நாலு."

"ஒரு நாளைக்கா?"

"மொத்தமா."

இசக்கி சிரிக்கவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு வண்டிப் பக்கம் போனான்.

சவரியம்மாள் கண்ணாடியை இறக்கி, கால் ஒட்டினாள். பொறி பறந்தது. மிக்கேல் சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒட்டி முடிந்ததும் இசக்கி அடுப்பை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். சூடு ஆறும்வரைகூட அவன் நிற்கவில்லை.

"பாத்தீங்களா சார்?"

"பாத்தேன். டிரம் தகடு கெட்டி. எனக்கும் அதே மாதிரி குடு. அதைவிடக் கெட்டியாவே குடு."

அவள் உள்ளே போய் இரண்டு அடுப்புகளைக் கொண்டு வந்தாள். ஒன்றை இழுத்து வந்தாள். ஐந்து மில்லிமீட்டர் தகடு, வார்ப்பிரும்புக் கம்பித் தட்டு, சாம்பல் அள்ள அடியில் ஒரு இழுப்பறை. இன்னொன்றை இரண்டு விரலில் தூக்கி வந்தாள். மெல்லிய தகடு, சும்மா மடித்து ரிவெட் அடித்தது.

"கெட்டி அடுப்பு பேரன் பேத்தி காலம் வரைக்கும் நிக்கும். மெல்லிசு, சாம்பல ஒழுங்கா அள்ளினா, இருபது தடவை தாங்கும். அதுக்கு மேல அடி விட்டுரும்."

"இருபது தடவைதானா? அத எதுக்குக் காட்டுத? கெட்டியக் குடு."

"தர மாட்டேன்."

"ஏன்?"

"டெரன்ஸ் வருஷத்துக்கு எத்தன தடவ வாராரு?"

"ஒரு தடவ."

"போன வருஷம்?"

"போன வருஷம் வரல. வேலை."

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தின வருஷம் வந்தான். அதான் நீ இப்ப கொட்டுனியே, அந்தச் சாம்பல்."

அவள் கெட்டி அடுப்பைப் பின்னால் நகர்த்தினாள்.

மிக்கேல் சாருக்கு முகம் சிவந்தது.

"என்னைக் குத்திக் காட்டுத. அன்னைக்குப் பெயிலாக்குனதுக்கு இன்னைக்குப் பழி தீக்க."

"பழி எதுக்கு சார்? பெயிலானது நல்லதாப் போச்சு. பாசாகியிருந்தா நானும் இப்ப கத்தார்லதான் இருப்பேன். எங்கம்மாவும் ஒரு அடுப்ப மூடி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா."

தெருவில் ஒரு ஐஸ் லாரி போனது.

"துருப்பிடிக்க மூணாவதா என்ன வேணும்?" என்று அவரே கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

சவரியம்மாள் இசக்கி போன திசையைப் பார்த்தாள். பிறகு அவருடைய அடுப்பைப் பார்த்தாள். ஒன்று தினமும் எரிவது. மற்றது மூடியே கிடந்தது.

"வயசு என்ன சார் ஆவுது?"

"எழுபத்தொண்ணு."

அவள் மெல்லிய அடுப்பை அவர் முன்னால் தள்ளி வைத்தாள்.

மிக்கேல் சார் அதன் விளிம்பில் விரலால் தட்டிப் பார்த்தார். தகர டப்பா சத்தம். வகுப்பில் கணக்குப் போடும்போது செய்வதுபோல இடது கையை விரித்துக்கொண்டார்.

"இந்த வருஷம், எழுபத்தொண்ணு" என்று ஒரு விரலை மடக்கினார். "அடுத்த வருஷம் வர மாட்டான். எழுபத்துமூணு. எழுபத்தஞ்சு. எழுபத்தேழு. எழுபத்தொம்பது."

இடது கை முடிந்தது. வலது கையில் ஒரு விரலை மடக்கினார்.

"எண்பத்தொண்ணு."

அடுத்த விரல் மடங்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய அப்பா எழுபத்தெட்டில் போனவர்.

"ஆறு" என்றார்.

"ம்."

"அப்போ இதுவே மிஞ்சும்."

"மிஞ்சும் சார்."

அவர் ஓட்டை விழுந்த அடுப்பின் மேல் உட்கார்ந்தார். அது உட்கார மட்டும் தாங்கியது. உட்கார்ந்தபடியே மெல்லிய அடுப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"மீதி பதினாலு தடவைய என்ன செய்ய?"

சவரியம்மாள் கையுறையைக் கழற்றி அந்த அடுப்பின் மேல் வைத்தாள்.

"இன்னைக்கு மத்தியானம் என்ன சாப்ட்டீங்க சார்?"

மிக்கேல் சார் வாயைத் திறந்தார்.

யோசித்தார்.

ஞாபகம் வரவில்லை.