தங்கக் கிண்ணத்தைத் தட்டிப் பார்த்தவள்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, மரமெல்லாம் பேச்சை நிறுத்தி ரெண்டு தலைமுறைகூட ஆகாத காலத்துல, செந்தட்டி நாடுன்னு ஒரு நாடு இருந்துச்சு. நிஜமா இருந்துச்சான்னு என்னைக் கேக்காதீங்க. எனக்கே எதையும் லேசுல நம்பற பழக்கம் கிடையாது. பால்காரன் வந்து பாலுன்னு சொன்னாலும் நகத்துல ஒரு சொட்டு விட்டுப் பார்க்கற ஆளு நான். ஆனா இந்தக் கதையை நம்பறேன். ஏன்னு கடைசியில சொல்றேன்.

அந்த நாட்டுல ரெண்டு கலாசாலை. மேட்டுல இருக்கறது உச்சிமேட்டுக் கலாசாலை. பள்ளத்துல இருக்கறது தாழங்குழிக் கலாசாலை. வருஷா வருஷம் தை அறுவடை முடிஞ்சதும் ராஜாவோட மைதானத்துல ரெண்டுக்கும் பந்தாட்டம். பக்கத்துக்குப் பதினோரு பேர். பந்தைத் தூக்கிட்டு ஓடலாம், உதைக்கலாம், கூட்டாளிகிட்ட வீசலாம். எதிராளியோட கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில வச்சா ஒரு கோடு. முதல்ல மூணு கோடு எடுக்கறவங்களுக்குத் தங்கக் கிண்ணம்.

பதினேழு வருஷமா அந்தக் கிண்ணம் மேட்டுக்குத்தான் போச்சு. பள்ளத்துக்கு வந்தது வெறும் புழுதி.

அதுக்கு முன்னாடி தாழங்குழி நல்லாத்தான் ஆடிட்டு இருந்தது. செல்லக்கண்ணுன்னு ஒரு தலைவன். கல்யாணமாகி ஒரு வருஷம், பொண்டாட்டி செண்பகம் மாசமா இருந்தா. பதினேழு வருஷத்துக்கு முன்னாடி, பந்தாட்டத்தன்னிக்குக் காலையில வீட்டை விட்டுக் கிளம்பினவன் மைதானத்துக்கு வந்து சேரல. ஆள் மாயம்! அதே நாள்தான் உச்சிமேட்டு ஆசான் கார்முகன், பளபளன்னு ஒரு தங்கக் கிண்ணத்தைக் கொண்டாந்து, "ராஜா, இனிமே இதுதான் பரிசா இருக்கட்டும்"னு நீட்டினான்.

இப்ப நீங்களே சொல்லுங்க. ஒரு ஆள் காணாமப் போற அன்னிக்கே ஒரு கிண்ணம் புதுசா முளைக்குது. யாருக்காவது சந்தேகம் வந்துச்சா? வரல! செல்லக்கண்ணு விலை போயிட்டான், ஓடிப்போயிட்டான்னுதான் ஊரே பேசுச்சு. எதைச் சந்தேகப்படணுமோ அதை விட்டுட்டு, யாரைச் சந்தேகப்படக் கூடாதோ அவனைப் பிடிச்சுக்கிட்டாங்க, பாவிப் பசங்க.

அதோட விட்டாங்களா? தாழங்குழிக் கலாசாலை வாசல்ல ஒரு கட்டையை நட்டு அவன் பேரைச் செதுக்கினாங்க. தினம் ஆடப் போறதுக்கு முன்னாடி ஆளுக்கொரு கல்லை அதுமேல எறியணும். "ஓடிப்போனவனுக்கு ஒண்ணு!"ன்னு கத்தணும். அப்புறம் ஒரு சட்டமும் போட்டாங்க: கைக்கு வந்த பந்தைக் கைமாத்தாதே. கூட்டாளியை நம்பலாமா? நம்பக்கூடாது! பந்து கிடைச்சவன் அவனவனா ஓடுவான், அவனவனா விழுவான். எப்படி ஜெயிக்கறது?

அந்த வருஷம் தாழங்குழிக்குத் தலைவி மருக்கொழுந்து. செல்லக்கண்ணுவோட மக. அப்பன் முகம் பார்க்காத பொண்ணு. தினம் அவளும் கல் எறிஞ்சா. எறியலைன்னா சேர்த்துக்க மாட்டாங்களே! எறியறப்போ அவ குரல் மட்டும் வெளியே வராது, உதடுதான் அசையும்.

அவளும் என்னை மாதிரிதான். மோர்னு கொடுத்தா மோந்து பார்ப்பா. கத்தரிக்காய்னா காம்பைத் திருகிப் பார்ப்பா. பானை வாங்கப் போனா கடைக்காரனுக்குக் காது வலிக்கற வரைக்கும் தட்டிப் பார்ப்பா.

பந்தாட்டத்துக்கு மூணு நாள் முன்னாடி கிண்ணத்தைப் பல்லக்குல வச்சு ரெண்டு கலாசாலைக்கும் ஊர்வலமா கொண்டு வர்றது வழக்கம். கூடவே கார்முகன் வந்தான். முப்பத்திரண்டு பல்லும் வெளியே தெரியற சிரிப்பு, நீட்டின கையில கற்கண்டு. எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருக்கறவனை நம்பலாமா? நம்பக்கூடாது!

"பிள்ளைகளா, நல்லாப் பார்த்துக்குங்க"ன்னான் அவன். "பதினெட்டு வருஷம் விடாம ஜெயிச்சா கிண்ணம் எங்களுக்கே சொந்தம். இந்தத் தடவை ஜெயிச்சதும் உருக்கி என் கைத்தடிக்குப் பூண் போட்டுக்கப் போறேன்."

சொல்லிட்டு வாத்தியாருங்களோட மோர் குடிக்க உள்ளே போயிட்டான். மருக்கொழுந்து பல்லக்குக்கிட்டப் போனா. தங்கமாம் தங்கம், யார் கண்டான்னு விரலை மடக்கி டொக்குன்னு ஒரு தட்டு தட்டினா.

"மெதுவாத் தட்டு தாயி, வலிக்குது!"ன்னுச்சு கிண்ணம்.

வேற யாராவது இருந்தா அலறியடிச்சு ஓடியிருப்பாங்க. இவ, "யார்றா அது, பல்லக்குக்கு அடியில?"ன்னு குனிஞ்சு பார்த்தா. யாருமில்ல.

"நான்தான், கிண்ணம். ஒரு தட்டுக்கு ஒரு பதில். ஒரு நாளைக்கு மூணே மூணுதான் முடியும். கேளு."

டொக். "நீ யாரு?"

"உன் அப்பன் செல்லக்கண்ணு. ஆசான்னு மதிச்சு கார்முகன்கிட்ட ஆசீர்வாதம் வாங்கப் போனேன். வாயில கற்கண்டு போட்டான். இப்படி ஆயிட்டேன். என் கலாசாலைக்காரங்க பதினோரு பேரும் என்னை ஏந்தி, 'எங்க ஆள்'னு சொன்னாத்தான் மனுஷனாவேன்."

மருக்கொழுந்து கிண்ணத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டா. ஆனாலும் சந்தேகம் விடுதா? டொக். "என் அப்பன்தான்னா, கடைசி நாள் அம்மாகிட்ட என்ன பேசினே?"

"ரசத்துல உப்பில்லன்னேன். அவ கோவத்துல பித்தளைச் சொம்பைத் தூக்கி எறிஞ்சா. சொம்போட வயிறு நசுங்கிப் போச்சு. சிரிச்சுக்கிட்டே வெளியே வந்துட்டேன்."

டொக். "நாங்க ஜெயிக்க என்ன வேணும்?"

"பந்துமேல அவன் மந்திரம் போட்டிருக்கான். ஒரே கையில மூணு மூச்சு இருந்தா பாறையாயிடும். கனக்கறதுக்குள்ள குடுத்துடு."

"யாருகிட்டக் குடுக்கறது?"ன்னு அவசர அவசரமா இன்னொரு தட்டு தட்டினா. கிண்ணம் வாயைத் திறக்கல.

வீட்டுக்கு ஓடினா. அடுக்களை மூலையில வயிறு நசுங்கின சொம்பு. "அம்மா, இது எப்படி நசுங்குச்சு?"

செண்பகம் திரும்பாமலே சொன்னா, "கீழே விழுந்துடுச்சுடி."

"ரசத்துல உப்பில்லன்னு அப்பா சொன்னாராமே?"

செண்பகத்தோட கையில இருந்த கரண்டி நழுவிடுச்சு. "அது எனக்கும் அவருக்கும் மட்டும்தானே தெரியும்! உனக்கு யாருடி சொன்னா?"ன்னு மகளோட தோளைப் பிடிச்சு உலுக்கினா. நடந்ததைக் கேட்டதும் தரையில உட்கார்ந்து வாய்விட்டு அழுதா. "ஓடற மனுஷன் இல்லன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, ஒருத்தராவது நம்பினாங்களா"ன்னு அழுதா.

மறுநாள் மருக்கொழுந்து கூட்டாளிகள்கிட்ட எல்லாத்தையும் சொன்னா. சிரிச்சாங்க. அதுலயும் குப்பாண்டின்னு ஒருத்தன், காத்தா ஓடறவன், "ஏ புள்ள, அப்பனுக்கு வக்காலத்தா? பனைமரத்தடியில நின்னு பாலைக் குடிச்சாலும் கள்ளுன்னுதான் சொல்லுவாங்க. ஓடிப்போனவன் ஓடிப்போனவன்தான்"னான்.

அன்னிக்குச் சாயங்காலம் கார்முகன் அவளைத் தனியாப் பிடிச்சான். மஞ்சத்துணி முடிச்சுல கற்கண்டை நீட்டி, "உன் நல்லதுக்குச் சொல்றேம்மா. உன் கூட்டத்துல ஒருத்தன் என் ஆளு. ஜாக்கிரதை"ன்னு கிசுகிசுத்தான். அவன் போனதும் அவ முடிச்சை அவிழ்த்து எறும்புப் புத்துல கொட்டினா. எறும்பெல்லாம் சுத்திக்கிட்டுப் போச்சு. எறும்பே ஒதுங்கற கற்கண்டை நம்பலாமா? நம்பக்கூடாது! ஆனா அவன் சொன்ன வார்த்தை அவ மனசுல முள்ளாத் தைச்சுடுச்சு. யாரா இருக்கும்? யாரா இருக்கும்?

பந்தாட்ட நாள் வந்துச்சு. ராஜா வந்தார், முரசு கொட்டுச்சு. உச்சிமேட்டாளுங்க மாத்தி மாத்திக் கொடுத்து ஆடறவங்க. அவங்க கையில பந்து ஒரு மூச்சுகூட நிக்கல, மந்திரம் அவங்களை என்ன பண்ணும்? மளமளன்னு ஒரு கோடு. மளமளன்னு இன்னொரு கோடு. தாழங்குழிக்கோ, முதல் மூச்சுல பஞ்சு, ரெண்டாம் மூச்சுல படிக்கல்லு, மூணாம் மூச்சுல பாறை! ஒவ்வொருத்தனும் பந்தை மார்போட அணைச்சுக்கிட்டே குப்புற விழுந்தான். இன்னும் ஒரே ஒரு கோடு போனா செல்லக்கண்ணு உலையில.

பந்து மருக்கொழுந்து கைக்கு வந்துச்சு. முதல் மூச்சு, பஞ்சு. ஓடினா. ஆறு பேர் வளைச்சுக்கிட்டாங்க. ரெண்டாம் மூச்சு, படிக்கல்லு. சுத்திலும் பார்த்தா. கோட்டுக்குப் பத்தடியில குப்பாண்டி தன்னந்தனியா நிக்கறான். அவனைத் தடுக்க ஒரு ஆள்கூட இல்ல. ஏன் இல்ல? அவன் இடுப்பைப் பார்த்தா. மஞ்சத்துணி முடிச்சு!

அடப்பாவி, இவன்தானா!

வீசப் போன கை பின்னுக்கு வந்துச்சு. கிண்ணத்தைப் பார்த்தா. வேற வழியில்ல. அவனை அவ நம்பல, சத்தியமா நம்பல. நம்பாமலேதான் வீசினா. "குப்பாண்டி, பிடிடா! எங்கப்பாவைக் காப்பாத்துடா!"

"எனக்கா?"ன்னான் குப்பாண்டி. பந்து அவன் நெஞ்சுல வந்து விழுந்துச்சு. அவன் ஆடற நாளா ஒருத்தரும் அவனுக்குப் பந்து கொடுத்ததில்ல. ஒரு கணம் முழிச்சான். அப்புறம் ஓடினான் பாருங்க, அப்படி ஒரு ஓட்டம்! கோட்டைத் தாண்டிப் பந்தை வச்சான்.

வச்சுட்டு இடுப்பு முடிச்சை அவிழ்த்து வீசி எறிஞ்சான். "அரண்மனை உத்தியோகம் தர்றேன், பந்து வந்தா விழுந்துடுன்னான் அந்த ஆளு. ஆனா உனக்கு எவனும் பந்து தரப் போறதில்ல, உனக்கு வேலையே இருக்காதுன்னான். அந்தத் தைரியத்துலதான் சரின்னேன். இப்ப இவ குடுத்துட்டாளே, எப்படி விழுவேன்?"

"ஐயோ, என்கிட்டயும் அதையேதான் சொன்னான்!"ன்னான் இன்னொருத்தன். "என்கிட்டயும்!" "என்கிட்டயும்!" பத்துப் பேர் இடுப்புலயும் பத்து மஞ்ச முடிச்சு! பந்து வராதுங்கற நம்பிக்கையில பத்துப் பேரும் விலை போயிருந்தாங்க. ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்க்க வெட்கமாப் போச்சு. மைதானம் பூரா கற்கண்டு சிதறிச்சு.

அப்புறம் நடந்ததுதான் ஆட்டம். பஞ்சு, குடு! பஞ்சு, குடு! படிக்கல்லாகப் பந்துக்கு நேரமே கிடைக்கல. ரெண்டாவது கோடும் வந்துச்சு. கார்முகனோட சிரிச்ச வாய் முதல் தடவையா மூடிக்கிச்சு. கடைசி ஓட்டத்துல மருக்கொழுந்து முகத்துல அவன் மந்திரப் புழுதியை ஊதினான். அவளுக்குக் கண்ணு தெரியல. "இங்க குடு தலைவி!"ன்னு குப்பாண்டி குரல் மட்டும் கேட்டுச்சு. அந்தக் குரலைப் பார்த்து வீசினா. மூணாவது கோடு!

பள்ளத்து ஜனம் மைதானத்துக்குள்ள பாஞ்சுச்சு. ராஜா கிண்ணத்தைக் கொடுத்தார். பதினோரு பேரும் ஏந்தினாங்க. "எங்க ஆள்!"னான் குப்பாண்டி. தலையைக் குனிஞ்சுக்கிட்டான், எறிஞ்ச கல்லெல்லாம் ஞாபகம் வந்திருக்கும். "எங்க ஆள்!" "எங்க ஆள்!" பத்துப் பேர் சொல்லிட்டாங்க. மருக்கொழுந்து மட்டும் வாயைத் திறக்கல. இது நிஜமா அப்பாதானா? சொல்லி, ஒண்ணும் நடக்காமப் போனா? அதுக்கு மேல தாங்க அவளால முடியாது. பயந்துட்டா பொண்ணு.

அப்ப கூட்டத்தை விலக்கிட்டு செண்பகம் வந்தா. கையில அந்த நசுங்கின சொம்பு. கிண்ணத்துல மளமளன்னு ரசத்தை ஊத்தினா. "இன்னிக்கு உப்புப் போட்டிருக்கேன்யா. குடிச்சுட்டுச் சொல்லு."

ரசம் மெல்ல மெல்ல இறங்கி மறைஞ்சுது.

"கொஞ்சம் தூக்கலா இருக்கு செண்பகம்"னுச்சு கிண்ணம்.

மருக்கொழுந்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து பீறிட்டு வந்துச்சு. "எங்க ஆள்தான்! ஐயோ, எங்க அப்பாதான்!"

பளீர்னு ஒரு வெளிச்சம். பதினோரு பேர் கையிலயும் கனமா ஒரு மனுஷன், மீசை நரைச்சு, ரசம் சொட்டச் சொட்ட! வெட்டின குழியில வெட்டினவனே விழுவான்னு சொல்லுவாங்களே, கார்முகன் நின்ன இடத்துல ஆளுயரக் கற்கண்டுதான் நின்னுச்சு. எறும்புகூடச் சீண்டல. முதல் மழையில கரைஞ்சு போச்சு.

தாழங்குழிக்காரங்க அந்தக் கட்டையைப் பிடுங்கி எறிஞ்சாங்க. எறிஞ்சு குவிஞ்ச கல்லை எல்லாம் அவங்களே சுமந்து, செல்லக்கண்ணு வீட்டுக்குச் சுவர் வச்சுக் கொடுத்தாங்க. கிண்ணம்தான் மனுஷனாயிடுச்சே, அதனால ராஜா அந்த வருஷம் பரிசா ஒரு மண்கிண்ணம் கொடுத்தார். மருக்கொழுந்து அதையும் தட்டிப் பார்த்துத்தான் வாங்கினா.

இந்தக் கதையை ஏன் நம்பறேன்னு சொல்றேன்னேன் இல்லையா? கதை கட்டறவனா இருந்தா, அத்தனை வருஷம் கழிச்சு வாய் திறக்கறவனை 'தேனே, மானே'ன்னு பேச வச்சிருப்பான். பொண்டாட்டி வச்ச ரசத்துல உப்பு தூக்கல்னு நிஜப் புருஷன்தான் சொல்லுவான்.