கிண்ணத்தில் உடைத்த முட்டை

அந்தக் காலத்தில் கோழிகளுக்கு வாய் இருந்தது. இப்போது கத்துகிறதே, அந்த வாய் இல்லை, பேசுகிற வாய். முட்டையிட்டதும் அடுக்களை வாசலில் வந்து நின்று, "மைனி, இது ஒங்களுக்கு" என்று சொன்னால் அந்த முட்டை சட்டிக்கு. "இது எனக்கு" என்றால் அடைக்கு, குஞ்சு பொரிக்க. எந்தப் பெண்ணும் முட்டையை ஆட்டிப் பார்த்ததில்லை, முகர்ந்து பார்த்ததில்லை. கோழி சொன்னால் போதும், எண்ணெய் காய்ந்ததும் நேராகச் சட்டியில் தட்டி ஊற்றினார்கள்.

மாடத்தி வீட்டுச் செவலைக் கோழி அப்போது அடையில் இருந்தது. கூடையில் பதினோரு முட்டை. ஒவ்வொன்றின் மேலும், அடைமுட்டை என்று தெரிய, மாடத்தியே தன் கையால் இழுத்த கரிக்கோடு. குஞ்சு வெளியே வரும் நாள் நெருங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் அவள் அண்ணன் கொம்பையா வந்தான். ஏதோ ஒரு கல்யாண வீட்டில் முறைத்துக்கொண்டு போனவன், பல வருசம் கழித்து ஒரு காலையில் வாசலில் நின்றான். மாடத்திக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பழைய சோறு இருந்தது, வெங்காயம் இருந்தது. பொரித்து வைக்க முட்டைதான் இல்லை.

"எதுக்குட்டி அலையுத? இருக்கத வையி" என்றான் அவன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "எம் பொண்டாட்டி அப்பவே சொன்னா, தங்கச்சி வீட்டுல என்னத்தத் திங்கப் போறீகன்னு" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு மாடத்திக்குச் சுருக்கென்று தைத்தது. செவலை இரை பொறுக்கக் கொல்லைக்கு இறங்கியிருந்தது. அவள் கூடையருகே போய் நின்றாள். பதினொன்றில் ஒன்று எப்படியும் கூமுட்டையாகத்தான் போகும், அந்த ஒன்று இதுவாக இருக்கட்டுமே என்று நினைத்தாள். தப்புச் செய்யப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் நன்றாகவே வரும். கோழியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மறுத்துவிடும் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. முட்டை கையில் கனத்தது. முந்தானையால் கரிக்கோட்டைத் துடைத்தாள்.

அடுப்பு திகுதிகுவென்று எரிந்தது. எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. சட்டி விளிம்பில் ஓங்கித் தட்டினாள்.

"அம்மா" என்று ஒரு குரல் கேட்டது.

உள்ளே தூங்குகிற மகள்தான் கூப்பிடுகிறாள் என்று மாடத்தி திரும்பினாள். "இந்தா வந்துட்டேன் தாயி" என்றாள். மறுபடி கேட்டபோதுதான் குரல் சட்டியிலிருந்து வருகிறது என்று தெரிந்தது. அதற்குப் பிறகு கேட்கவில்லை.

வாசலில் செவலை நின்றது. கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். மனுசி கை பட்டுச் செத்ததை அது பார்த்துக்கொண்டிருந்தது. பாய்ந்து கொத்தவில்லை, அழவும் இல்லை.

"ஒனக்குன்னு நான் சொன்னேனா?" என்று கேட்டது.

"கூமுட்டைன்னு நெனச்சேன்" என்றாள் மாடத்தி.

"நெனச்ச. கேக்கல." மைனி என்ற வார்த்தை அதன் வாயில் வரவில்லை. "இனி எங்க வம்சத்துல ஒருத்தியும் ஒங்க கூடப் பேச மாட்டா. எது சட்டிக்கு, எது அடைக்குன்னு நீங்களே ஒடச்சுப் பாத்துக்கிடுங்க."

திரும்பிப் போய் மிச்ச முட்டைகளின் மேல் உட்கார்ந்துகொண்டது. கொம்பையா சோற்றைத் தொடாமல் எழுந்து போனான். சட்டியில் இருந்ததை மாடத்தி வேப்பமரத்தடியில் புதைத்தாள். பாவம்தான், ஆனால் அவளுக்காக இரக்கப்பட எனக்கு மனசு வரவில்லை.

பிறகு அவள் முட்டையைக் கிண்ணத்தில் உடைத்து, உற்றுப் பார்த்த பின்பே அடுப்பருகே கொண்டுபோனாள். எண்ணெய் சீறுவதை அவளால் கேட்க முடியவில்லை. அதனால் தீயைத் தணித்து, சத்தமில்லாமல் மெல்லச் சரித்து ஊற்றி, மூடி போட்டாள். வெள்ளை பஞ்சு மாதிரி வெந்தது, மஞ்சள் உடையாமல் நின்றது. ஊர்ப் பெண்கள் வந்து பக்குவம் கேட்டார்கள். "சின்னத் தீ, வேறொண்ணுமில்ல" என்றாள். தான் பொரித்த முட்டையை அவள் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை.

அன்று முதல்தான் நாம் முட்டையைக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துவிட்டுச் சட்டியில் ஊற்றுகிறோம். முட்டையிட்ட கோழி அவ்வளவு நேரம் கத்துவதும் அன்று முதல்தான். உனக்கு என்கிறதா, எனக்கு என்கிறதா, நமக்குத் தெரியாது.