இரண்டாவது கரித்துண்டு

ஆவுடையப்பன் முகத்தில் ஈயாடவில்லை. மதுரையிலிருந்து வந்திருந்த கண்காட்சிக்காரர்கள் இரண்டு பேரும், அவருக்கு வரையச் சொல்லிக்கொடுக்கிற ஜெசிந்தாவின் வீட்டில் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஜெசிந்தா மேடம் கைன்னா கைதான் என்று தலையை ஆட்டிக்கொண்டார்கள். பிறகு அவர் பக்கம் திரும்பி, "சரி சார், நீங்க வரைஞ்சது எங்க?" என்று கேட்டார்கள்.

அத்தனையும் அவர் வரைந்தவை. அதைச் சொன்னதும் வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இது புதிதாக வரைய வந்தவர்களுக்கான கண்காட்சி, அவரவர் கை அதில் தெரிய வேண்டும் என்று பதமாக எடுத்துச் சொன்னார்கள். திருச்செந்தூர் போய்விட்டு நாளைக்கு இந்த வழியாகத்தான் திரும்புகிறோம், வேறு ஏதாவது இருந்தால் எடுத்து வையுங்கள் என்றும் சொன்னார்கள். நல்ல மனிதர்கள்தான். திட்டியிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ஆவுடையப்பனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கரண்ட் ஆபீஸில் வீடு வீடாக மீட்டர் பார்க்கிற வேலை. அதை விட்டுவிட்டு, வரையப் போகிறேன் என்று தூத்துக்குடிக்கு வந்து இறங்கியபோது சொந்தபந்தம் எல்லாம் வாய்விட்டுச் சிரித்தது. இந்தக் கண்காட்சி அமைந்தால்தான் அவர் ஊர்ப்பக்கம் தலைகாட்ட முடியும். இல்லாவிட்டால் கிறுக்கன் என்ற பட்டம் நிலைத்துவிடும். அது அவருக்கும் தெரியும், ஜெசிந்தாவுக்கும் தெரியும்.

ஜெசிந்தா அவரைவிடப் பதினைந்து வயதாவது இளையவள். இருந்தாலும் அவருக்கு அவள் டீச்சர்தான். அவளுக்கு அவர் அண்ணாச்சி. கடற்கரைப் பெண்களை ஒரே இழுப்பில் வரைகிறவள் அவள். நீண்ட கழுத்து, பாதி மூடிய கண். பார்த்ததை அச்சு மாதிரி வரைகிற வரம் ஆவுடையப்பனுக்கு உண்டு. அந்த இழுப்பை அவர் அப்படியே பிடித்துக்கொண்டார். அதுதான் இப்போது வினையாகப் போனது.

வந்தவர்களின் கார் தெருமுனை திரும்பியதும் அவர் கேட்டார்.

"இதுல என் கோடு எது டீச்சர்?"

ஜெசிந்தா அவரை வீட்டுக்குப் பின்னால், முன்பு உப்பு மூட்டை அடுக்கிவைத்த பழைய கிட்டங்கிக்குக் கூட்டிப்போனாள். சன்னல் இல்லாத கிட்டங்கி. உள்சுவர் நான்கும் வெள்ளை அடித்திருந்தது. அவர் வலது கையில் ஒரு கரித்துண்டு கொடுத்தாள். இடது கையை விரித்து இன்னொன்றை வைத்து மூடினாள்.

"ஒண்ணு போதுமே," என்றார்.

"உள்ள இன்னொரு ஆள் இருக்கு அண்ணாச்சி. இது அவருக்கு."

அவர் சிரித்துப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. நான் திறக்கும்வரை வரையுங்கள் என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி வெளியே தாழ் போட்டாள்.

வெளியே பட்டப்பகல். உள்ளே கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். மூச்சை இழுத்தால் நாக்கில் உப்பு ஏறியது. சுவரைத் தடவி, அவர் தனக்குத் தெரிந்ததை வரைய ஆரம்பித்தார். கழுத்து, தோள், இடுப்பில் கூடை. கை தானாக ஓடியது. இருட்டில்கூட டீச்சர் கோடு பிசகவில்லை என்று நினைத்தபோது அவருக்கே கொஞ்சம் கசந்தது.

அப்போதுதான் இடப்பக்கம் அந்தச் சத்தம் கேட்டது. சுவரில் கரி உரசுகிற சத்தம்.

எலி என்று முதலில் நினைத்தார். எலி இவ்வளவு நீளமாக இழுக்காது. வரைவதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார். அவர் நிறுத்தியும் அது நிற்கவில்லை. மேலே போனது, வளைந்து கீழே வந்தது, ஒரே இடத்தில் நின்று கிறுக்கோ கிறுக்கு என்று கிறுக்கியது.

டீச்சர் டீச்சர் என்று கூப்பிட்டுப் பார்த்தார். வெளியே மூச்சுப் பேச்சில்லை. "யாருவே அது?" என்று அதட்டினார். குரல் அவர் குரல் மாதிரியே இல்லை. சத்தம் இன்னும் வேகமானது.

இனிப் பொறுக்க முடியாது என்று வலது கையிலிருந்த கரியைப் போட்டுவிட்டு, சத்தம் வந்த பக்கம் துழாவினார். ஒரு மணிக்கட்டு அகப்பட்டது. வியர்த்து வழுவழுவென்று இருந்தது. பிடித்ததும் அது திமிறவில்லை, பயப்படவில்லை. பிடித்த கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அது பாட்டுக்கு வரைந்தது. எலும்பு நொறுங்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். வலி சுரீரென்று ஏறியது.

வலித்தது அவருக்கு. அவருடைய இடது மணிக்கட்டில்.

அது அவருக்குப் பழகின வலி. பள்ளிக்கூடத்தில் சேர்த்த புதிதில் சிலேட்டுக் குச்சியை இடது கையில் எடுத்துவிட்டார் என்று, பீச்சாங்கையாலா எழுதுவாய் என அப்பா ஒரு துண்டால் அந்தக் கையை இடுப்போடு சேர்த்துக் கட்டினார். அந்த வருஷம் முழுக்கப் பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் கட்டுதான். பிறகு கட்டே தேவைப்படவில்லை. வாளி தூக்க, பை பிடிக்க என்று அந்தக் கை ஒரு வேலைக்காரனாக இருந்துகொண்டது. அதற்கும் ஆசை இருந்தது என்பதையே அவர் மறந்துபோனார். இப்போது அப்பா கட்டிய அதே இடத்தை அவரே இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

ஐம்பது தாண்டிய மனிதர் இருட்டில் விசும்பி விசும்பி அழுதார். அழுதுகொண்டே பிடியை விட்டார்.

கதவு திறந்தபோது கண் கூசியது. வெளிச்சம் பழகியதும் சுவரைப் பார்த்தார். வலப்பக்கம் கூடைக்காரி. நீண்ட கழுத்து, பாதி மூடிய கண், குறை சொல்ல ஒன்றுமில்லை. இடப்பக்கம் ஒரு முகம். அதை முகம் என்று சொல்லலாமா என்பதே சந்தேகம். கோடெல்லாம் கோணல். வாய் மட்டும் தாடைவரை திறந்திருந்தது. கண் இரண்டும் பார்ப்பவரைப் பார்க்கவில்லை. பார்ப்பவருக்குப் பின்னால் நிற்கிற எதையோ பார்த்து மிரண்டிருந்தன. ஆவுடையப்பன் தன்னை அறியாமல் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டார். ஜெசிந்தாகூட அதற்கு முதுகு காட்டி நிற்கவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும் டீச்சர்?"

"நீங்க வரையும்போது மடியில கிடக்கிற இடது கை சும்மா இருக்காது அண்ணாச்சி. வேட்டியில என்னமோ கிறுக்கிக்கிட்டே இருக்கும். வந்த நாள்ல இருந்து பாக்கேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

"டீச்சர் கோடு எப்படி வருதுன்னுதான கேட்டீக. அதச் சொல்லிக் குடுத்தேன்."

அவர் சுவரைப் பார்க்காமல், இதைப் பார்த்தால் எனக்கே குலை நடுங்குகிறது, அவர்கள் வருவதற்குள் சுண்ணாம்பு அடித்து மூடிவிடலாம் என்றார். ஊரெல்லாம் கிறுக்கன் என்று சொல்வதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம் என்றும் சொன்னார்.

ஜெசிந்தா சுண்ணாம்பு வாளியும் வெள்ளையடிக்கிற மட்டையும் கொண்டுவந்தாள். மட்டையை முக்கி வலப்பக்கம் போய், கூடைக்காரியின் மேல் பட்டென்று ஓர் இழுப்பு இழுத்தாள். கழுத்து போயிற்று.

ஆவுடையப்பன் பதறிப்போனார். அது நன்றாக வந்திருந்ததே என்று தடுக்கப் பார்த்தார்.

"நல்லாத்தான் வந்துருக்கு," என்றாள். "நான் வரைஞ்சா அப்படித்தான் வரும்."

கூடைக்காரி இருந்த சுவடே இல்லாமல் அடித்து முடித்தாள். பிறகு மட்டையை அவரிடம் நீட்டி, மற்றதை நீங்கள் அடியுங்கள் என்று தலையால் காட்டினாள்.

அவர் மட்டையை வாங்கிக்கொண்டு அந்த முகத்துக்கு நேரே போய் நின்றார். சுண்ணாம்பு சொட்டி அவர் காலில் விழுந்தது. வலது கையை ஓங்கினார். இடது கை தானாக எழுந்து, சுவரிலிருந்த வாயை மறைத்துக்கொண்டது. அவர் அதைக் கட்டாயப்படுத்தி இறக்கவில்லை. மட்டையை வாளிக்குள் போட்டார்.

"நாளைக்கு அவங்க வந்து, இது யாரு வரைஞ்சதுன்னு கேட்டா நான் என்ன சொல்ல டீச்சர்?"

ஜெசிந்தா வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். அங்கிருந்து திரும்பி, சுவரில் இருந்த முகத்தையும் அதன் பக்கத்தில் அதே மிரட்சியோடு நின்ற முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அந்த இடத்துலயே நில்லுங்க அண்ணாச்சி. கேக்க மாட்டாங்க."